கோட்டுக்கு வெளியே ஒரு கால்

1
இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் பிலிப்பீன்ஸின் பகோலோட் நகரில் கோழி சுட்டு விற்பவர். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். பதிலுக்கு இன்னொரு துண்டு கோழி வைத்தார். ஆகவே இது உண்மைக் கதை.

2
தொடக்கம்: ‘தாய்நாடு அழைத்தது. ஆண்டர்ஸ் கண்கலங்கி—’

வேண்டாம். அழைத்தது தாய்நாடல்ல, கால்பந்துச் சங்கத் தலைவர். அதுவும் மிஸ்டு கால்.

ஆண்டர்ஸ் பிறந்தது நார்வேயில், அம்மா பகோலோட்காரி. நார்வேக்கும் ஆடலாம், பிலிப்பீன்ஸுக்கும் ஆடலாம். ஆனால் வயது இருபத்துமூன்று. இருபத்தொன்றைத் தாண்டியவன் உலகக்கோப்பைத் தகுதிச்சுற்றில் ஒரு நொடி களமிறங்கினாலும் ஆயுளுக்கும் அந்த நாடுதான். (பிலிப்பீன்ஸில் விவாகரத்தும் கிடையாது. ஊருக்கேற்ற விதி.)

நார்வே இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடும் என்று நம்புகிறான், பாவம். அதுவரை இங்கே பெஞ்சில் உட்கார்ந்தால் மட்டும் போதும் என்று வந்திருக்கிறான்.

3
தகுதிச்சுற்று ஆட்டம் முடியப்போகிறது. மூன்று கோல் பின்தங்கியிருக்கிறோம். பெஞ்சுக்குப் பின்னாலிருந்து தலைவர் கத்துகிறார்:

“அவனை எறக்குங்க கோச்! கட்டிப் போட்டுரலாம்!”

“ஆட்டந்தான் தோத்தாச்சே சார்.”

“ஆட்டம் கெடக்குதுய்யா, ஆளைப் புடி!”

ஆண்டர்ஸைக் கோட்டருகே கொண்டுவந்து நிறுத்தியாயிற்று. அவனுக்காக வெளியேற வேண்டியவர் கேப்டன் ரெமிஜியோ. முப்பத்தெட்டு வயது, இதுதான் கடைசி ஆட்டம். ஆள்மாற்றப் பலகையில் தன் எண்ணைப் பார்த்தும் பார்க்காதவர்போல் ஓடுகிறார்.

‘ஆண்டர்ஸ் கோட்டைத் தாண்டி—’

“எழுத்தாளர் சார், அந்த வரிய அடிங்க! நீங்க வாக்கியத்தை முடிச்சா நான் முடிஞ்சேன்!”

அடித்துவிட்டேன். (நார்வேயில் வளர்ந்தவன் இப்படிப் பேசுவானா? மாட்டிக்கொண்டால் பேசுவான்.)

4
பந்து வெளியே போய் ஆட்டம் நின்றால்தான் ஆள் மாற்ற முடியும். ரெமிஜியோ பந்தை வாங்கிக் கோட்டோரமாகவே உருட்டுகிறார்.

“மனோங், வெளிய மட்டும் அடிச்சிராதீங்க,” ஆண்டர்ஸ் கிசுகிசுக்கிறான். (மனோங் என்றால் அம்மா ஊரில் அண்ணன்.)

“நான் ஏன் தம்பி அடிக்கப்போறேன்? நீ உள்ள வரமாட்டேங்கற. நான் வெளிய போகமாட்டேங்கறேன். நமக்குள்ள என்ன சண்டை?”

மேலே கேலரியிலிருந்து ஆண்டர்ஸின் சித்தி: “எறங்கித் தொலைடா! உங்கம்மாவுக்கு வீடியோ எடுக்கணும், போன்ல சார்ஜ் போயிட்டிருக்கு!”

இந்த ஒப்பந்தம் தெரியாத எதிரணிக்காரன் ஒருவன் குறுக்கே விழுந்து பந்தைத் தட்டிவிடுகிறான்.

5
முடிவு ஒன்று: இறங்குகிறான். மறுநாளே நார்வே கூப்பிடுகிறது.
முடிவு இரண்டு: இறங்கவில்லை. நார்வே கூப்பிடவே இல்லை.

இரண்டையும் எழுதினேன். இரண்டிலும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிழித்துவிட்டேன்.

பந்து கோட்டை நோக்கிப் போகிறது. ரெமிஜியோ துரத்துகிறார்; முப்பத்தெட்டு வயதுக் கால்கள், எட்டாது. தலைவர் கைதட்டத் தயாராகிறார். நான் பேனாவை மூடுகிறேன். பந்தைத் தடுக்கக் கோட்டுக்குப் பக்கத்தில் இப்போது இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். பந்து இன்னும் உருண்டு—