டோலக் சூடேறட்டும்

கனகவள்ளி அடுப்பைப் பற்ற வைத்ததும் கூடத்தில் அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன மைனி இது! அண்ணன நடுவீட்டுல கிடத்திட்டு அடுப்பப் பத்த வைக்கிய? நாலு பேரு காறித் துப்ப மாட்டாவ?" நாத்தனார் யோவன்னாள் ஓடிவந்து கேஸை அணைக்கப் போனாள்.

"கைய எடுட்டி. நான் ஒண்ணும் சோறு பொங்கல."

அவள் கையில் புருஷன் பிச்சையின் டோலக் இருந்தது. ஆடி மழையில் தாராவியே ஊறிக் கிடந்தது. டோலக்கின் தோலும் தொய்ந்துவிட்டது. மழைக்காலத்தில் பிச்சை இப்படித்தான் அதைத் தீயில் காட்டிச் சூடேற்றிக்கொண்டு சபைக் கோயிலுக்குப் புறப்படுவார். சாவு வீட்டில் அடுப்பெரியக் கூடாது என்பது கனகவள்ளிக்கும் தெரியும். தெரிந்துதான் எரித்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிப் புடிங்க. தோலு கருகிரும்," என்றார் வாசலில் நின்ற ஹமீது. பக்கத்து வீட்டுக்காரர், தோல் பை தைப்பவர்.

நேற்றுச் சாயங்காலம் மாரடைப்பில் போய்விட்ட பிச்சை, கல்யாணத்துக்கு முன்பிருந்தே சபையில் டோலக் வாசித்தவர். போன வருஷம் பிள்ளையார் ஊர்வலத்தில், "சாச்சா, சலோ" என்று சந்துப் பையன்கள் கூப்பிட, அதே டோலக்கோடு போய் வாசித்துவிட்டார். அவ்வளவுதான். புதிதாக வந்த ஐயர் (சபைப் போதகரை அவர்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள்) விக்கிரகத்துக்கு முன்னால் தட்டிய டோலக் இனி கோயிலுக்குள் வரக் கூடாது என்றார். மன்னிப்புக் கேட்டால் பார்க்கலாமாம். பிச்சை கேட்கவுமில்லை, கோபித்துக்கொண்டு வேறு சபைக்குப் போகவுமில்லை. ஞாயிறுதோறும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டு தொடங்கியதும் தொடையில் தட்டிக்கொண்டிருப்பார். பெண்கள் பக்கத்திலிருந்து கனகவள்ளி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஐயர் வந்தார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் டோலக்கைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"துக்கத்துல இருக்கீங்கம்மா, புரியுது. ஆனா அது வந்தா நான் வர முடியாது."

"வர வேண்டாம் ஐயரே. தூக்குறதுக்கு ஆளு இருக்கு. ஜெபத்த நானே பண்ணிக்கிடுதேன், டோலக்கையும் நானே அடிச்சிக்கிடுதேன்."

"பொம்பள அடிச்சிட்டுப் போறதா? வேதத்துல எங்கயாவது..."

"மோசேக்கு அக்கா மிரியாம் தம்புரு தட்டிட்டுத்தானே போனா. அவ எந்த ஐயருகிட்டக் கேட்டா?"

யாரோ களுக்கென்று சிரித்து, சாவு வீடென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கனகவள்ளி டோலக் கயிற்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். வாசிக்கத் தெரியாது. கேட்ட காது மட்டும்தான் உண்டு. சந்து குறுகல் என்பதால் பெட்டியைச் சாய்த்துத்தான் வெளியே எடுத்தார்கள். அவள் முன்னால் தட்டிக்கொண்டு நடந்தாள். தாளம் தப்பியது. பாட்டு எடுத்தவர்கள் திணறி நிறுத்தினார்கள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு முட்டிக்கொண்டு வந்தது. பாவி மனுஷன், இதையாவது சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

"மைனி, என் கையப் பாத்து அடிங்க." யோவன்னாள் பக்கத்தில் வந்து கைதட்டினாள். பாட்டு மறுபடி எழும்பியது. சந்து முனையில் பிள்ளையார் ஊர்வலப் பையன்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள்.

வர முடியாது என்ற ஐயர், சயான் கல்லறைத் தோட்டத்தில் குழியருகே வேதப் புத்தகத்தோடு நின்றார். ஜெபம் முடிந்து பெட்டி இறங்கியதும் அவளிடம் வந்தார்.

"அதையும் அவரோடயே வச்சிரும்மா. அவருக்குப் பிரியமானது." குரலில் கனிவுகூட இருந்தது.

"எதுக்கு?" என்றாள் கனகவள்ளி. "ஞாயித்துக்கிழமைக்கு வேணுமே."

மழை மறுபடியும் தூறத் தொடங்கியது. கனகவள்ளி தலையில் கிடந்த முந்தானையை இழுத்து டோலக்கைப் போர்த்தினாள்.