தண்ணீர் ஏறும்வரை

ஒரே நாளில் நான்கு தீவுகளைப் பார்த்துவிட வேண்டும் என்று கணவர் முடிவு கட்டிவிட்டார். வரைபடம் விடுதிக் கட்டிலை மொத்தமாக அடைத்துக்கொண்டதில் மனைவிக்குப் படுக்க இடமில்லை. நாற்காலியில் சாய்ந்து, வீங்கிய கால்களைப் பெட்டிமேல் நீட்டியிருந்தாள். வாரம் முழுக்க இரவுப் பணி பார்த்துவிட்டு வந்த நர்ஸ் அவள். வார்டு மணி இன்னும் காதுக்குள் குடியிருந்தது. கிடைத்த லீவு நாளைக்கு மட்டும்தான்.

அவர் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடுபவர். தீவுகளுக்கும் அப்படியே போட்டிருந்தார். பக்கத்தில் இருப்பது முதலில், தூரத்தில் இருப்பது கடைசியில்.

"முதல்ல மணல்திட்டு. இறங்குறோம், போட்டோ எடுக்கிறோம், ஏறுறோம்."

"பாத்ரூம் எந்த ஸ்டாப்புங்க?"

"ரெண்டாவதுல. அதையும் போட்டிருக்கேன்."

கேலி செய்ததுகூட அவருக்கு உறைக்கவில்லை. மேற்கொண்டு சிரிக்க அவளுக்கும் தெம்பில்லை.

நாளைய பயணத்தைப் பேசிவைக்க வந்த படகுக்காரர், வரைபடத்தை எட்டிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"சார், காலையில மணல்திட்டு இருக்காதே."

"இருக்காதா? எங்க போயிடும்?"

"எங்கேயும் போகாது. தண்ணிக்கு அடியில கிடக்கும்."

அங்கே கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்கும். நாளை காலையில் ஏற்றம். உச்சிப்பொழுது தாண்டித்தான் தண்ணீர் நன்றாக வற்றி, மணல் முதுகைக் காட்டும். மறுநாள் அதே வற்றம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தள்ளிப் போகும். தண்ணீரை இழுக்கிற நிலா ஓரிடத்தில் நிற்காமல் பூமியைச் சுற்றி நகர்ந்துகொண்டே இருப்பதால் வரும் தாமதம் அது. பள்ளிக்கூட நெரிசல், ரயில்வே கேட் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தவர், பேருந்து நிறுத்தமே முங்கி எழும் என்று நினைத்ததில்லை.

அழித்தார். மணல்திட்டை மதியத்துக்குத் தள்ளி, அதற்கு முன்னால் நான்கில் இன்னொன்றான மரத்தீவைச் செருகினார்.

"அதுவும் ஆகாது சார்," என்றார் படகுக்காரர். மரத்தீவைச் சுற்றித் தட்டின் விளிம்பு மாதிரி பவளப்பாறை. தண்ணீர் நிறைந்திருக்கும்போது படகு அதன்மேல் மிதந்து உள்ளே போய்விடும். வற்றிவிட்டால் விளிம்பு வழியை மறிக்கும். "உள்ளே போனா சாயங்காலம் தண்ணி ஏறுறவரைக்கும் வெளிய வர முடியாது. ஒண்ணு மணல்திட்டு, இல்லைன்னா மரத்தீவு."

"அப்படி அங்க என்னதான் இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நாலு மரம், நல்ல நிழல். போன்கூட எடுக்காது."

மூடியிருந்த கண்களை மனைவி திறந்தாள். "எடுக்கவே எடுக்காதா தம்பி?"

"சத்தியமா எடுக்காதுக்கா."

"என்னங்க, நாம அங்க மட்டும் போவோம்."

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. "ஏம்மா, இவ்வளவு தூரம் வந்து மரத்தடியில உட்காரவா? எத்தனை வருஷமா உன்னை எங்கேயும் கூட்டிட்டுப் போகல. எல்லாத்தையும் காட்டிடணும்னுதானே மண்டையை உடைச்சுக்கிறேன்?"

அவள் கோபப்படவில்லை. கோபத்துக்கும் தெம்பு வேண்டுமே.

"கடைசி ஸ்டாப்புல டிரைவருக்குக் கொஞ்ச நேரம் விடுவீங்கல்ல?"

"விடாம? இல்லைன்னா வண்டியை எங்கேயாவது கொண்டுபோய் முட்டிடுவான்."

"இதுல எனக்கு எங்க விட்டிருக்கீங்க?"

அவர் மேலிருந்து கீழே தேடினார். மறுபடியும் தேடினார். பாத்ரூமுக்கு இடம் இருந்தது. அவள் ஓய்வுக்கு இல்லை.

கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு வரைபடத்தை மடித்தார். கட்டில் வெளியே வந்தது. அடுத்த நிமிஷமே அவள் அதில் சரிந்தாள்.

"மரத்தீவுக்கே போயிடுவோம்," என்றார் படகுக்காரரிடம், குரலைத் தாழ்த்தி. "பாய் கிடைக்குமா?"

"படகுல இருக்கு சார். தலையணைதான் நீங்க எடுத்துட்டு வரணும்."

அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு தலையணை அவள் தலைக்கடியில். இன்னொன்றை இறுகக் கட்டிக்கொண்டு, வாய் திறந்து தூங்கிவிட்டிருந்தாள்.

"எத்தனை மணிக்கு வரட்டும் சார்?"

"அவ எழுந்ததும் சொல்றேன்," என்றார் கால அட்டவணைக்காரர்.