உலகத் தலைவரின் ரவுட்டர்

சொந்தக் காலில் நிற்காத மனிதன் எவனும் வரலாற்றில் நின்றதில்லை. இந்த உண்மையைச் சண்முகராசா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். லண்டன் சட்டனில் அவருடைய வீட்டு இணையமோ அரை மணி நேரம் நின்றதில்லை.

அவர் நாவலடி மேற்கு மகா வித்தியாலயப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளைச் செயலாளர். ஊரில் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இருப்பவை இரண்டு கட்டிடங்கள். வெளியே அதற்கு ஐந்து நாடுகளில் கிளைகள். கிளைகள் எல்லாம் ஒன்றுகூடி இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டில் உலகப் பேரவை ஒன்றை அமைத்தன. பேரவை என்றால் தலைவர் வேண்டும். அந்தத் தலைவர் தாமாக இருக்கவேண்டும் என்பது சண்முகராசாவின் ஆசை. ஆசை என்று அவர் சொல்லமாட்டார், பொறுப்பு என்பார். விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே 'உலகத் தலைவர்' என்று வரவேண்டிய எழுத்தின் பருமனைக்கூட முடிவு செய்துவிட்டார். அச்சுக்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

பிழைப்புக்கு அவர் வைத்திருந்தது சட்டன் கடைத்தெருவில் ஒரு சலவைக் கடை. ஜெர்மனியில் உணவக அடுப்படியில் நின்று சேர்த்த காசில் லண்டன் வந்து எடுத்த கடை. 'எந்தக் கறையும் போகும்' என்று பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும். ஆனால் மேடையில் தம்மை அவர் 'தொழிலதிபர்' என்றே அறிமுகப்படுத்தச் சொல்வார்.

பேரவைக் கூட்டங்கள் வெப்காமில் நடந்தன. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி. அதற்கு முன்னால் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகச் சண்முகராசா. அவருக்குப் பின்னால் கேடயங்கள் நிறைந்த கண்ணாடி அலுமாரி. தொலைபேசி இணைப்பு அந்த மூலையில்தான் வந்தது. ஆகவே இணையக் கம்பெனி சும்மா தந்த ரவுட்டர் அலுமாரியின் உச்சியில் குந்தியிருந்தது. முதல் கூட்டத்திலேயே பாரிஸ் கிளைக்காரர் ஒருவர் கேட்டுவிட்டார்:

"அண்ணை, தலைக்கு மேல என்ன மினுங்குது? நத்தார் லைற்றோ?"

அது மார்ச் மாதம், கிறிஸ்துமஸ் போய் மூன்று மாதம். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கே சண்முகராசா தமக்குப் பல மேடைகளில் போர்த்திய பொன்னாடைகளில் நல்லதாகப் பார்த்து எடுத்து ரவுட்டரின் மேல் விரித்துவிட்டார். வெளிச்சம் மறைந்தது, கௌரவமும் தெரிந்தது. விழாவுக்கு விழா அதன்மேல் இன்னொரு பொன்னாடை கூடியது.

பிறகுதான் இணைப்பு விழத் தொடங்கியது. கணக்கறிக்கை வாசித்துக்கொண்டிருக்கும்போது விழும். நன்றியுரையில் விழும். ஒருமுறை 'எமது' என்ற சொல்லின் நடுவில், வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார். ரொறன்ரோக் கிளையில் யாரோ அதைப் படமெடுத்து எல்லாக் கிளைகளுக்கும் மின்னஞ்சலில் அனுப்பினார்கள். ரொறன்ரோவிலிருந்து கூட்டங்களை நடத்திய ஜம்புநாதன் அதோடு ஒரு விதியையும் கொண்டுவந்தார்: வாக்கெடுப்பு நேரத்தில் திரையில் இல்லாதவர் கூட்டத்துக்கு வராதவர், வராதவரைத் தெரிவு செய்ய ஏலாது.

தேர்தலுக்கு ஒரு கிழமை இருந்தது.

"கலா, இனியும் அவங்கட பெட்டியை நம்பி இருக்க ஏலாது," என்றார் சண்முகராசா மனைவியிடம். "அடுத்தவன் தந்த பெட்டிக்குள்ளால போற குரல் எங்கட குரலே இல்லை."

கலாவதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "சும்மா தந்ததெண்டு சந்தோசப்பட்டனீங்கள்தானே?"

"அது அப்ப."

கம்பெனிக்குத் தொலைபேசி எடுத்து, அவர்கள் வைத்த வாத்தியத்தை நெடுநேரம் கேட்ட பின், ஒரு இளைஞன் பேசினான். சொந்த ரவுட்டர் பூட்டலாம். இணைப்பின் பயனர்ப் பெயரும் கடவுச்சொல்லும் தருகிறோம். ஆனால் அதற்குப் பிறகு ஏதாவது நடந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்றான்.

"பொறுப்பு எனக்குப் புதிசில்லை," என்றார் சண்முகராசா ஆங்கிலத்தில். அவன் பயனர்ப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினான்.

புதிய ரவுட்டர் மூன்று கொம்புகளோடு வந்தது. சனிக்கிழமை, ராகுகாலம் கழித்து, அதைப் பூட்ட லெட்சுமணன் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர், மலேசியாவிலிருந்து படிக்க வந்து, ஒரு காப்புறுதி நிறுவனத்தில் கணினிப் பிரிவில் வேலையாகி, இங்கேயே தங்கிவிட்டவர். அவர் வருமுன்பே சண்முகராசா பழைய பெட்டியைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, சப்பாத்துத் தட்டில் போட்டிருந்தார். அலுமாரியின் உச்சி துடைத்து, தாம்பாளம் வைக்கும் அளவுக்குச் சுத்தமாக இருந்தது.

"ஒண்ணும் கஷ்டம் இல்லண்ணே. பேர் போட்டு, பாஸ்வேர்ட் போட்டா முடிஞ்சது," என்றார் லெட்சுமணன். முடிந்தது. விளக்குகள் பச்சையாக எரிந்தன.

கலாவதி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். புதுக் கார் வந்தால் பொட்டு, புதுச் சலவை இயந்திரம் வந்தால் பொட்டு. இதற்கும் உச்சியில் அகலமாகச் சந்தனம் தடவி, நடுவில் குங்குமம் வைத்தாள்.

"நல்லா இருக்கு, அக்கா. கல்யாண மாப்பிள்ளை மாதிரி," என்றார் லெட்சுமணன். மகனை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போகவேண்டும் என்று எழுந்து போனார்.

அவர் போன பிறகு சண்முகராசா அலுமாரியைத் திறந்து, சரிகைக் கரை வைத்த பச்சைப் பொன்னாடையை எடுத்து, பெட்டிக்குச் சுற்றிப் போர்த்தினார். கொம்புகள் மூன்றும் வெளியே தெரிந்தன. பின்னுக்கு நகர்ந்து நின்று பார்த்தார். சபை நிறைந்த மாதிரி இருந்தது.

அன்று பின்னேரம் றமணன் வந்தான். கிழக்கு லண்டனில் அப்டன் பார்க்கில் மரக்கறிக் கடை வைத்திருப்பவன்; லண்டன் கிளையின் பொருளாளர். கணக்கை விடவும் விழா மண்டபத்தில் கதிரை அடுக்குவதில் கெட்டிக்காரன். அவனுடைய கண் சப்பாத்துத் தட்டுக்குப் போனது.

"அண்ணை, இதை எறியப்போறியளோ?"

"ஓம். ஏன்?"

"என்ர பெட்டிக்கு மேல சின்னவள் தேத்தண்ணி ஊத்திப்போட்டாள். நாளைக்குக் கூட்டம் பாக்க வேணும். அதே கம்பெனிதானே, தாங்கோவன்."

சண்முகராசா அதை இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது தோளில் தட்டினார். "வைச்சிரு. ஆனா நம்பாதை. நடுவில விட்டிட்டுப் போற சாமான்."

"எனக்கென்ன அண்ணை, நானே பேசப்போறன்? நீங்கள் பேசுறதைப் பாத்தாக் காணும்."

ஞாயிறு பின்னேரம் கூட்டம் தொடங்கியது. திரையில் சின்னச் சின்னச் சதுரங்களில் முகங்கள். ரொறன்ரோவில் காலை; ஜம்புநாதன் கம்பளிச் சட்டையோடு கோப்பையில் ஏதோ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு மூலைச் சதுரத்தில் றமணன். அவனுக்குப் பின்னால் வெங்காய மூட்டைகள், மூட்டைகளுக்கு மேலே சுவரில் ஆணி, ஆணியில் வெறுமையாகத் தொங்கிய பழைய ரவுட்டர், கண் சிமிட்டியபடி. தலைவர் பதவி இம்முறை லண்டனுக்கே என்று சொல்லிப் பாரிஸ்காரரும் போட்டியிலிருந்து விலகினார். சண்முகராசா ஒருவரே எஞ்சினார். கை உயர்த்த வேண்டியதுதான் பாக்கி.

"வாக்கெடுப்புக்கு முதல் வேட்பாளர் ரெண்டு நிமிசம் பேசலாம்," என்றார் ஜம்புநாதன்.

இரண்டு நிமிடம் பேசியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். அதுவரைக்கும் ரவுட்டர் பிழைத்திருக்கும். ஆனால் உலகத் தலைவர் இரண்டு நிமிடம் பேசினார் என்று எந்த ஊரில் கேள்விப்பட்டிருக்கிறோம்? சண்முகராசா கனைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தின் அடிக்கல்லில் தொடங்கினார். அடிக்கல்லிலிருந்து கூரைக்கு வந்தார். கூரை ஒழுகியதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. சொந்தக் காலுக்கு வந்தபோது சபை முழுவதும் அசையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜம்புநாதன் கோப்பையை உதட்டுக்கு அருகில் பிடித்தபடி, குடிக்கவும் மறந்து நின்றார். பாரிஸ்காரரின் கண்கள் பாதி மூடியிருந்தன. இத்தனை காலத்தில் இப்படியொரு சபை சண்முகராசாவுக்கு வாய்த்ததில்லை. அவர் மேலும் பேசினார்.

அடுப்படி வாசலில் நின்ற கலாவதி திரையை எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, எல்லாரும் சிலை மாதிரி இருக்கினம்?"

அவர் வாயைக் கையால் மறைத்து மெதுவாகச் சொன்னார்: "உணர்ச்சிவசப்பட்டிட்டினம்."

"அந்த மனுசன் இவ்வளவு நேரமும் கோப்பையைக் கீழ வைக்கேல்லை."

சண்முகராசா கோப்பையைப் பார்த்தார். பிறகு அலுமாரியின் உச்சியைப் பார்த்தார். பொன்னாடைக்குள்ளே பச்சை வெளிச்சம் எதுவும் இல்லை.

லெட்சுமணனைக் கூப்பிட்டு வரக் கலாவதி செருப்பில்லாமல் ஓடினாள். அவர் வந்து பொன்னாடையை விலக்கி, பெட்டியில் கை வைத்து, வைத்த வேகத்தில் எடுத்தார்.

"யாருண்ணே இதுக்குப் போர்வை போட்டது?"

"போர்வை இல்லை. பொன்னாடை."

"எதுவா இருந்தா என்ன? மேல வரிசையா ஓட்டை இருக்கு பாருங்க, சூடு வெளிய போறதுக்கு. மூடினா அது செத்துடும்." சுட்ட விரல்களை ஊதிக்கொண்டே கேட்டார்: "பழசுக்கும் போட்டிருந்தீங்களா?"

சண்முகராசா கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார்.

"அதுக்கு ஆறு போத்தினவர்," என்றாள் கலாவதி.

லெட்சுமணன் அலுமாரியைப் பார்த்தார், சண்முகராசாவைப் பார்த்தார், பிறகு தம் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை. நல்ல மனிதர். அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. றமணன்.

"அண்ணை, எங்க போட்டியள்? பாத்துக்கொண்டு இருந்தவை. பிறகு விதிப்படி உங்களை வராதவர் எண்டு அறிவிச்சுப்போட்டினம்."

"சரி. ஆரைப் போட்டவை?"

கொஞ்ச நேரம் வெங்காய மூட்டை இழுபடும் சத்தம் கேட்டது.

"தலைவர் லண்டனுக்கு எண்டு முதலே தீர்மானமாம் அண்ணை. லண்டனில லைனில நிண்டது நான் ஒராள்தான். வேண்டாம் எண்டுதான் சொன்னனான். கையை உயத்திப்போட்டாங்கள்."

"எந்தப் பெட்டியில நிண்டனீ?"

"நீங்கள் தந்ததுதான். நல்ல சாமான் அண்ணை. ஒருக்காக்கூட விழேல்லை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தேவாலய மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, லண்டன் கிளை உலகத் தலைவருக்குப் பாராட்டு விழா வைத்தது. தலைவருக்குப் பொன்னாடை போர்த்துவது செயலாளரின் கடமை. புதிதாக வாங்குவது நம்மவர் வழக்கமல்ல. பொன்னாடை மேடையிலிருந்து மேடைக்குப் போகும், யார் தோளிலும் தங்காது. கலாவதி மடித்துத் தந்த பையில் மேலே இருந்ததைச் சண்முகராசா பார்க்காமலே எடுத்து விரித்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது புகைப்படக்காரனை. கையொலி எழுந்தது. றமணன் வெட்கப்பட்டுக் கும்பிட்டான். கும்பிட்டுவிட்டுக் கதிரைக்குத் திரும்பினான். அப்போது அவன் முதுகு சபைக்குத் தெரிந்தது.

பச்சைப் பட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் வட்டம். அதன் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. பக்கத்தில், சூடு போகும் ஓட்டைகளின் தடம் வரிசை வரிசையாக.

முன்வரிசையில் இருந்த லெட்சுமணன் தலையைக் குனிந்துகொண்டார். பின்வரிசையில் யாரோ, "இதென்ன புது டிசைனோ?" என்று கேட்டார்கள்.

அந்தப் பொன்னாடை வெள்ளிக்கிழமைதான் சண்முகராசாவின் 'எந்தக் கறையும் போகும்' கடையில் சலவையாகி வந்தது.