பூட்டுப் போட்ட கல்யாணம்

கலைச்செல்வன் வருஷத்தில் ஒரு நாள் உயிரோடு வருவான். லாரி கவிழ்ந்து சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில் போனவன், திதியன்று படையலுக்கு முன்னால் டிவியில் மாலையும் கழுத்துமாக நின்று சிரிப்பான். வெற்றிச்செல்வி இலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து புருஷனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சோளக்காட்டு வேலையில் காய்த்துப்போன கைகள் மடியில் சும்மா கிடக்கும். சோறு ஆறிப்போகும்.

இந்த வருஷம் போட்டோவுக்குப் பொட்டு வைத்த கையோடு கல்யாண டிவிடிக்கும் வைத்துவிட்டாள். எழுத்து இருக்கிற பக்கம் வைத்திருந்தால் தொல்லையில்லை. அவன் இருப்பது மின்னுகிற பக்கம்தானே என்று அங்கே சந்தனத்தை அப்பினாள். காய்ந்ததை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். அதிலிருந்து, தாலியை எடுத்துக் குனிகிற இடத்தில் அவன் அப்படியே நின்றுவிடுகிறான். சில சமயம் நகர்கிறான். சில சமயம் திரை கறுத்துவிடுகிறது.

முழுசாகப் போவதற்குள் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெரம்பலூர் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். கடையிலிருந்த அபிநயா என்ற பெண் போட்டுப் பார்த்துவிட்டு, படம் ஓடும், காப்பி ஆகாது, ஸ்டுடியோக்காரர் பூட்டுப் போட்டிருக்கிறார் என்றாள். கல்யாணம் என்னுது, பூட்டு மட்டும் அந்தாளுதா என்று கேட்டுவிட்டு, வெற்றிச்செல்வி அரியலூர் பஸ் ஏறினாள்.

அந்த ஸ்டுடியோக்காரன் ராஜராஜன் இப்போது ஸ்டுடியோ இருந்த அதே இடத்தில் இன்வெர்ட்டர் பேட்டரி விற்கிறான். சொந்தபந்தமெல்லாம் வெளியே காப்பி போட்டுக்கொண்டதால் பொழைப்பு போயிற்று, அதனால்தான் பூட்டினேன் என்றான். ஒரிஜினல் இருந்த ஹார்டு டிஸ்க் செத்து எத்தனையோ வருஷம். பூட்டுப் போட்ட கம்ப்யூட்டரும் பழைய இரும்போடு போய்விட்டது.

"அப்ப நீங்க போட்ட பூட்ட நீங்களே தொறக்க முடியாதாண்ணே?"

அவன் டிவிடியைச் சோப்புத் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒற்றித் துடைத்தான். மூலையில் கிடந்த குண்டு டிவியில் பிளேயரை மாட்டி, எதிரே ஒரு பேட்டரியின் மேல் செல்போனைச் சாய்த்து நிறுத்தினான். ஓடுகிற படத்தைப் படம் பிடிப்பதை எந்தப் பூட்டும் தடுக்காது. தான் எடுத்த கல்யாணத்தை இரண்டாம் தடவை எடுக்க உட்கார்ந்தான்.

நாதஸ்வரம் கிளம்பியது. அட்சதை பிடித்த கைகள் உயர்ந்தன. கலைச்செல்வன் தாலியை எடுத்துக் குனிந்தான். நின்றுவிட்டான்.

ராஜராஜன் போனை அணைக்கக் கை நீட்டினான். வெளிச்சம் அடிக்கிறது, ஷட்டரை இறக்கிவிட்டு மறுபடி எடுக்கலாம் என்றான்.

"உங்க மூஞ்சி டிவி கண்ணாடில தெரியுதும்மா."

அவளும் பார்த்தாள். உறைந்து நின்ற மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நரைத்த தலையோடு ஒருத்தி இருந்தாள். தெருவில் போன பஸ் ஒன்று கல்யாணக் கூட்டத்துக்கு ஊடே புகுந்து சத்தமில்லாமல் மறைந்தது. எவர் மேலும் அது மோதவில்லை.

"தொடாதீங்கண்ணே. அவரு நிக்கட்டும். நானுந்தான் இருக்கேன்ல."

போன் எடுத்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் கலைச்செல்வனின் கை அசைந்தது. கண்ணாடியில் இருந்தவள் குனிந்து கழுத்தைக் கொடுத்தாள்.