பட்டன் குரைப்பதை நிறுத்தவில்லை

"அந்தப் பொம்மைத் துப்பாக்கியைத்தான் எடுத்துட்டுப் போறியா மாப்ளே?" என்று கேட்டான் வெண்டல். தட்டில் மிச்சமிருந்த குழம்பை ரொட்டியால் வழித்துக்கொண்டிருந்தான்.

"பொம்மையா? நாப்பது கெஜத்துல அணிலோட கண்ணைப் பாத்து அடிக்கும் மச்சான்."

"அணில் சிரிச்சுச் சிரிச்சே கீழ விழுந்துடும்னு சொல்லு."

"அண்ணே, இந்த மனுஷனைக் கிளப்பி விடாதே" என்றாள் லொரீன், அடுப்பிலிருந்து திரும்பாமலே. "ஸ்பிரிங் எப்படி வேலை செய்யுதுன்னு ஆரம்பிச்சிடும். எனக்கு மத்தியானத்துக்கு அணில் வேணும். பாடம் வேணாம்."

ஆனால் டெல்பர்ட் கிரேஸ் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டான். ஊரில் ஒற்றை நாற்காலி போட்டு முடி வெட்டுபவன் அவன். நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்து போக முடியாது என்பதால், அவனிடம் கேள்வி கேட்டுப் பழகியவர்கள் யாரும் அவசரத்தில் இருப்பதில்லை. மைத்துனனும் இப்போது சாப்பிட்டு முடிக்காமல் எழுந்திருக்க முடியாது.

துப்பாக்கியின் பின்கட்டையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, குழலுக்கு அடியில் மடிந்திருந்த நெம்புகோலைக் கீழே இழுத்தான். உள்ளே வெடிமருந்து எதுவும் கிடையாது. ஒரு தடித்த ஸ்பிரிங், அதன் முன்னால் பிஸ்டன், இரண்டும் ஓர் இரும்பு அறைக்குள். நெம்புகோலை இழுக்கும்போது அந்த அறையே பின்னால் நகர்ந்து ஸ்பிரிங்கை நசுக்கும். கடைசியில் பிஸ்டன் ஒரு கொக்கியில் மாட்டிக்கொள்ளும். அறை நகர்ந்த இடத்தில், குழலின் பின்வாய்க்கு நேராக, கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல் திறக்கும். அதன் வழியாக ஈயரவையைக் குழலுக்குள் அழுத்த வேண்டும். நெம்புகோலை மறுபடி மடித்தால் அறை முன்னால் வந்து ஜன்னலை மூடிவிடும். விசையைத் தொட்டால் கொக்கி விடும், பிஸ்டன் பாயும், நசுங்கிய காற்று ரவையைத் தள்ளிக்கொண்டு போகும். கேட்பவருக்கு ஒரு தட்டல் சத்தம்தான்.

"சரி, இழுக்கும்போது டிக் டிக்குனு பல்லு விழுமே, அது எங்கே?" என்றான் வெண்டல். அவனும் கொஞ்சம் கவனித்துத்தான் இருந்தான்.

"கழட்டிட்டேன்!" டெல்பர்ட்டின் முகம் மலர்ந்தது. "கொக்கி ஒருவேளை வழுக்கினாலும் அறை முன்னால பாயாம அந்தப் பல்லு பிடிச்சுக்கும். அதுக்குத்தான் வெச்சிருக்கான். ஆனா அமைதியான காட்டுல அந்த டிக் டிக் அணிலுக்குக் கேக்குது. ஒவ்வொரு டிக்குக்கும் மரத்துல ஒரு சுத்து சுத்திடுது."

"கொக்கி வழுக்கினா?"

"நான் தேய்ச்சு மெருகேத்தின கொக்கி, ஏன் வழுக்கப்போகுது? அதோட, ரவை போடும்போது நெம்புகோலை இடது கையால விடாமப் பிடிச்சுக்கணும். வழுக்கினாலும் கை தாங்கும். அதான் சட்டம். இந்தத் துப்பாக்கி வெச்சிருக்கிற எவனைக் கேட்டாலும் முதல்ல அதைத்தான் சொல்லுவான்."

"எனக்கு டுமீல்னு வெடிச்சாப் போதும்பா" என்று வெண்டல் தட்டைத் தள்ளினான்.

பட்டன் வாசலில் நின்று வாலை ஆட்டியது. முழங்கால் உயரம் கூட இல்லாத வெள்ளையும் பழுப்புமான அணில் நாய். அதன் வேலை ஒன்றே ஒன்று: அணிலை மரத்தில் ஏற்றிவிட்டு, அடியில் நின்று குரைப்பது. அணில் விழும்வரை குரைக்கும். விழுந்ததும் வாயை மூடிக்கொண்டு அடுத்ததைத் தேடி ஓடும். வீட்டுக்குள் இருப்பவர்கள் வேட்டை எப்படிப் போகிறது என்று அந்தக் குரைப்பை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த சரிவு ஓர் ஓடையில் போய் முடிந்தது. மரக்கன்றுகளை இரண்டு கையாலும் பிடித்துப் பிடித்துத்தான் அதில் இறங்கவும் ஏறவும் வேண்டும். கைபேசிக்கு அந்தப் பள்ளத்தில் உயிர் கிடையாது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஹிக்கரி மரங்கள் இலை பழுத்து நின்றன. பட்டன் சீக்கிரமே ஒரு சாம்பல் அணிலை உயரமான ஹிக்கரியில் ஏற்றிவிட்டுக் குரைக்கத் தொடங்கியது.

டெல்பர்ட்டின் முதல் ரவை கிளையில் பட்டுச் சிம்பு தெறித்தது. அணில் தண்டின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொண்டது. ஆள் எந்தப் பக்கம் நிற்கிறானோ அதற்கு எதிர்ப்பக்கம் போவது அணிலின் வழக்கம். அதற்கு வேட்டைக்காரர்கள் எல்லோரும் செய்வது, மறுபக்கம் ஒரு குச்சியைத் தூக்கி எறிவது. சத்தம் கேட்டு அணில் இந்தப் பக்கம் வந்துவிடும்.

துப்பாக்கியைத் தொடையில் ஊன்றி நெம்புகோலை இழுத்தான். சத்தமே இல்லை. இடது கை நெம்புகோலில், வலது கட்டைவிரல் நுனியில் ரவை. விரலை ஜன்னலுக்குள் விட்டு அழுத்தியபோது அணிலின் வால் மட்டும் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் கிளைகளுக்குள் மறைந்துவிடும். காலருகே கிடந்த குச்சியை இடது கையால் எடுத்து எறிந்தான். எத்தனையோ வருடப் பழக்கம். கை தானாகப் போனது.

எறிந்த வேகத்தில் பின்கட்டை தொடையில் இடித்தது. கொக்கி வழுக்கியது.

நெம்புகோல் விருட்டென்று மேலே போனதைத்தான் முதலில் பார்த்தான். அதன் பிறகே விரலைப் பார்த்தான். இரும்பு அறை முன்னால் வந்து, குழலின் பின்வாய்க்கும் தனக்கும் நடுவே கட்டைவிரலை நகத்துக்குக் கீழே வைத்து மூடியிருந்தது. ரவையும் அங்கேதான் எங்கோ இருந்தது.

அணில் இந்தப் பக்கம் வந்து, கிளையில் உட்கார்ந்து அவனைப் பார்த்தது.

என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்குத் துல்லியமாகத் தெரியும். நெம்புகோலை விரல்கடை அளவு இழுத்தால் போதும், அறை பின்வாங்கும், விரல் வந்துவிடும். ஆனால் அந்த இழுப்புக்கு ஒரு மூட்டை மாவைத் தூக்கும் பலம் வேண்டும். ஒரு கை இழுக்கும்போது இன்னொரு கை துப்பாக்கியை அசையாமல் பிடிக்க வேண்டும். பின்கட்டையை வேர் இடுக்கில் செருகிவிட்டு இடது கையால் இழுத்துப் பார்த்தான். துப்பாக்கி திரும்பியது. திரும்புவதற்கு அதற்கிருந்த ஒரே அச்சு அவனுடைய விரல். கண் இருண்டது. பாதியில் கை நழுவினால் ஸ்பிரிங் அதே இடத்தில் இன்னொரு முறை அடிக்கும் என்பது நினைவு வந்ததும் நெம்புகோலை விட்டுவிட்டான்.

துப்பாக்கியை அணைத்துக்கொண்டு சரிவில் ஏறிப் பார்த்தான். ஒற்றைக் கையில் கன்றைப் பிடித்து ஓர் ஆள் உயரம் ஏறினான். குழல் ஒரு புதரில் மாட்டியது. அங்கிருந்து எப்படிக் கீழே வந்தான் என்பது அவனுக்குத் தெரியாது.

வேறு துப்பாக்கியாக இருந்தால் வானத்தைப் பார்த்து மூன்று முறை சுட்டிருக்கலாம். அந்த மலைப்பக்கம் மூன்று வெடிச் சத்தம் கேட்டால் சாப்பிட்ட கையோடு ஓடி வருவார்கள். இது ஊமை.

"லொரீன்!" என்று கத்தினான். "வெண்டல்!"

பட்டனின் குரைப்பு அதை விழுங்கியது.

"பட்டன், வீட்டுக்குப் போ! போடி!"

பட்டன் திரும்பிப் பார்த்தது. மரத்தடியில் நிற்கும்போது எஜமான் பேசினால் அது பாராட்டாகத்தான் இருக்கும். முன்கால்களைத் தண்டில் ஊன்றி இரண்டு மடங்கு குரைத்தது.

அவனைப் பயமுறுத்தியது வலி அல்ல, வலி குறையத் தொடங்கியதுதான். ரத்தம் ஓடாத விரல் முதலில் வெளுக்கும், பிறகு மரத்துப்போகும், அதன் பிறகு திரும்ப வராது. முடி வெட்டும் கத்தரியில் ஒரு தகடு அசையாமல் நிற்கும், மற்றது மட்டும்தான் திறந்து மூடும். அந்த ஒன்றைத் திறந்து மூடுவது கட்டைவிரல். மற்ற நான்கு விரல்களும் கத்தரியைத் தாங்கிக்கொண்டு சும்மா இருப்பவை. இதை அவன் எத்தனையோ பேருக்கு, அவர்கள் கேட்காமலே சொல்லியிருக்கிறான்.

விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். பார்க்கத்தான் முடிந்தது.

மேலே, பின்வாசலில் வெண்டல் காபியோடு நின்றிருந்தான்.

"கேக்குதா லொரீன்? உன் வீட்டுக்காரன் இன்னும் அதே மரத்துலதான். அந்த அணில் இந்நேரம் கல்யாணம் பண்ணிக் குட்டியே போட்டிருக்கும்."

"குறி தவறியிருக்கும், இன்னொரு தடவை அடிச்சிடும்." லொரீன் கோதுமை மாவை உருட்டிக்கொண்டிருந்தாள். அணில் குழம்பில் போட வேண்டிய உருண்டைகள்.

"தவறட்டும். வரட்டும். ஸ்பிரிங்குக்குச் சளி பிடிச்சிருச்சான்னு கேக்கறேன்."

இருவரும் சிரித்தார்கள். உருண்டைகள் தட்டில் நிறைந்தன. குரைப்பு ஒரே இடத்திலிருந்து, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. கடைசி உருண்டையை வைத்தபோது லொரீனின் கை நின்றது.

"அண்ணே, குறி தவறினா அந்த மனுஷன் வேற பக்கம் போய் நிக்கும். அணில் நகரும், நாயும் நகரும். இந்தக் குரைப்பு நகரவே இல்ல."

"அதனால?"

"அதனால எழுந்திரு."

அவள் முன்னால் இறங்கினாள், மாவு ஒட்டிய கையோடு. கன்றுகளில் வெள்ளை விரல் தடங்கள் விழுந்தன. வெண்டல் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தான். இலைக்குவியலில் உட்கார்ந்திருந்த டெல்பர்ட்டையும், அவனுடைய கையிலிருந்து முளைத்ததுபோல் துப்பாக்கி நிற்பதையும் பார்த்ததும் வெண்டலுக்கு வேடிக்கை எதுவும் வரவில்லை.

"கடவுளே! ட்ரிகரை இழுத்தா விட்டுடுமா?"

"தொடாதே! மச்சான், எதையும் தொடாதே." டெல்பர்ட்டின் குரல் கடையில் பேசும் அதே பொறுமையோடு வந்தது. அது லொரீனை அதிகம் பயமுறுத்தியது. "லொரீன், பின்கட்டையை ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல வெச்சு அமுக்கிக்கோ. குழலை நெஞ்சோட அணைச்சுக்கோ. துப்பாக்கி திரும்பக் கூடாது. மச்சான், நீ நெம்புகோலை இழு. முழுசா இழு, நிறுத்தாதே. நடுவுல விட்டா..."

"விட்டா?"

"விடாதே."

"நீ நாயைக் குரைக்க விட்டுட்டு உக்காந்திருந்தியேடா பாவி" என்றாள் லொரீன். அவனைத் திட்டினாளா, தன்னையா என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் மேல மாவு உருட்டிக்கிட்டிருந்தேன்."

வெண்டல் இழுத்தான். முதலில் நெம்புகோல் அசையவே இல்லை. பிறகு அறை மெல்லப் பின்வாங்கியது. டெல்பர்ட் தன் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து விரலை வெளியே எடுத்தான். அது தானாக வரவில்லை. அறை கடைசிவரை போய்க் கொக்கியில் மாட்டியது, சத்தமில்லாமல்.

"எடுத்துட்டேன். இப்ப விட்டுடாதே. அப்படியே மடி. காட்டைப் பாத்துச் சுடு."

பட்டென்று ஒரு தட்டல். வலி அப்போதுதான் முழுதாகத் திரும்பியது. அவன் அதை வரவேற்றான். ஆனால் அது மணிக்கட்டிலிருந்து விரலின் அடிவரைதான் வந்தது.

வண்டியில் வெண்டல் ஓட்டினான். நடுவில் டெல்பர்ட். லொரீன் அவன் கையைத் துவாலையில் சுற்றித் தன் மடியில் வைத்திருந்தாள். மரத்தடியிலிருந்து தூக்கிவர வேண்டியிருந்த பட்டன், பின்தட்டில் நின்று, தூரமாகிக்கொண்டே போன அந்த ஹிக்கரியைப் பார்த்து இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது.

"மச்சான், அந்தப் பல்லு கடைல மேல் இழுப்பறைல இருக்கு. சின்னதா, நகம் மாதிரி இருக்கும்" என்றான் டெல்பர்ட்.

"இப்ப எதுக்குடா அது?"

"சும்மா சொன்னேன்."

லொரீனின் மடியிலிருந்த தன் கையை டெல்பர்ட் பார்த்தான்.

"துவாலையை எடு லொரீன். ஒரு நிமிஷம்."

"வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், அவங்க பாக்கட்டும்."

"எடு."

அவள் எடுத்தாள். அவன் கத்தரி பிடிப்பதுபோல் கையை வைத்துக்கொண்டான். திற, மூடு என்று மனதுக்குள் சொன்னான். இத்தனை வருடம் சும்மா இருந்த நான்கு விரல்களும் அசைந்தன.

அவள் துவாலையை மறுபடி சுற்றினாள்.