கசிந்துபோன டர்போ

அண்ணன் ஊக்கப் பேச்சாளர். அரங்கம் நிறைய ஆட்களை உட்கார வைத்து, "உங்களுக்குள்ளே ஒரு டர்போ தூங்குது!" என்று தட்டி எழுப்புவது அவர் பிழைப்பு. அவருடைய பழைய காரில் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ மட்டும் அந்த உரையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏற்றம் வந்தால் வண்டிக்கு மூச்சு முட்டியது. சைக்கிள்காரர்கள் அனுதாபத்தோடு பார்த்துவிட்டுப் போனார்கள்.

"டர்போ செத்துப்போச்சு தங்கச்சி. நாளைக்குப் பழைய இரும்புக்காரர் வந்து வண்டியத் தூக்கிட்டுப் போறார்."

தங்கை காரை ஒருமுறை சுற்றி வந்தாள். எரிவாயுக் குழாய்களில் கசிவு பார்ப்பது அவள் வேலை. அவளுடைய அலுவலகத்தை மலை மேல் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அவள் ஷிப்டு நேரத்துக்கு அங்கே பஸ் கிடையாது. வண்டி இல்லையென்றால் வேலையும் இல்லை.

"மேட்டுல ஏற வச்சுட்டேன்னா எனக்குக் குடுத்துடறியா?"

"தாராளமா எடுத்துக்கோ!" நடக்கவே நடக்காது என்று தெரிந்த காரியத்தில் அண்ணனின் தாராளத்துக்கு எல்லையே இல்லை.

அவள் பானெட்டைத் திறந்தாள். "மிதிச்சா விசில் அடிக்குதே, எப்போலேருந்து?"

"அது டர்போவோட கர்ஜனைம்மா. ரோட்டுல எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. ஹோஸைப் பிடிச்சிருக்கற கிளாம்பு வளையத்தையெல்லாம் நானே இறுக்கினேன், அப்புறம்தான் கர்ஜிக்கவே ஆரம்பிச்சுது."

குழாய் விசிலடித்தால் அவளுடைய தொழிலில் அதற்குக் கர்ஜனை என்று பெயரில்லை. காற்று வடிகட்டியிலிருந்து வரும் குழாயைக் கழற்றி, டர்போவின் சக்கரத்தை விரலால் சுண்டினாள். ஆட்டமில்லாமல் சுழன்றது.

"செத்தவங்க இப்படிச் சுத்த மாட்டாங்க அண்ணே."

டர்போவின் வாயை ஒரு மூடியால் அடைத்தாள். மூடியில் ஏற்கெனவே ஒரு டயர் வால்வைப் பொருத்தி வைத்திருந்தாள். அதன் வழியே பம்பால் அளவாகக் காற்றை ஏற்றி, டர்போவிலிருந்து எஞ்சின் வரை எல்லாக் குழாய்களிலும் சோப்புத் தண்ணீரைத் தெளித்தாள். எஞ்சினுக்குள் நுழையும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கம், கிளாம்பின் ஓரத்தில் நுரை குபுகுபுவென்று பொங்கியது.

"சோப்புத் தண்ணின்னா நுரைக்கத்தானே செய்யும்?" என்றார் அண்ணன்.

"அப்போ மத்த இடமெல்லாம் ஏன் சும்மா இருக்கு?"

அரங்குகளில் அவரை யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. பயிற்சி போதாமல் குனிந்து நுரையைப் பார்த்தார்.

கிளாம்பைக் கழற்றியதும் காயம் தெரிந்தது. அண்ணனின் கைப்பலம் ரப்பரையே அறுத்திருந்தது. வண்டி நின்றிருக்கையில் மூடிக்கொள்ளும் கீறல், அழுத்தம் ஏறியதும் வாயைப் பிளந்துவிடும். டர்போ பாடுபட்டுத் தள்ளும் காற்று அந்த வழியே ரோட்டுக்குப் போய்விடும்.

"இறுக்கறது வேற, கழுத்தை நெரிக்கறது வேற அண்ணே."

கிழிந்த நுனியை வெட்டி எறிந்தாள். மீதி நீளம் போதுமானதாக இருந்தது. திரும்பப் பொருத்தி, கிளாம்பை அளவாக முடுக்கி, மறுபடி காற்றேற்றிப் பார்த்தாள். ஒரு குமிழி வரவில்லை.

வேலைக்குக் கிளம்பும் நேரம். அண்ணன் பக்கத்தில் ஏறிக்கொண்டார், தோல்வியை நேரில் பார்க்க. ஏற்றம் தொடங்கியதும் அவள் மிதித்தாள். முதுகு இருக்கையில் போய் ஒட்டிக்கொள்ள, அவருடைய கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. முன்னால் முக்கிக்கொண்டிருந்த லாரியைக் கார் அலட்சியமாகத் தாண்டியது.

அலுவலக வாசல் வந்ததும் அண்ணன் தொண்டையைச் செருமினார். "யோசிச்சுப் பார்த்தேன். இவ்வளவு நல்ல வண்டிய நானே வச்சுக்கலாம்னு..."

"நீயும் இங்கே வேலைக்குச் சேர்ந்துட்டியா என்ன?" அவள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள். "வண்டி எனக்கு. உன் வாயால குடுத்தது. ஷிப்டு முடியறவரைக்கும் நிழல்ல உக்காரு, வீட்டுல இறக்கி விடறேன்."

உள்ளே போகையில் திரும்பிப் பார்த்தாள். வாயிற்காவலரை நாற்காலியில் உட்கார வைத்து அண்ணன் நின்றுகொண்டிருந்தார். "கசிவுங்கறது என்ன? சோப்புத் தண்ணி போட்டாத்தான் அது தெரியும்!" காவலர் பயபக்தியோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.