பன்னிரண்டாம் வரிசையின் ஒற்றை பெல்

பன்னிரண்டாம் வரிசைப் பெரியவர் மூன்றாவது முறையாக எழுந்து நின்றபோது எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. மேகத்துக்குள் விமானம் குலுங்கிக்கொண்டிருந்தது. பெல்ட் விளக்கு எரிந்தது. பதினெட்டு வருடமாக விமானப் பணிப்பெண்ணாக இருக்கும் நானே இருக்கைகளைப் பிடித்துப் பிடித்துத்தான் நடந்தேன்.

"ஐயா, தயவுசெஞ்சு உக்காருங்க."

"உக்கார்றேம்மா. முதல்ல வண்டிய நிறுத்தச் சொல்லுங்க. பெல் அடிச்சு எவ்வளவு நேரமாச்சு."

அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கேப்டனை இன்டர்காமில் பிடித்தேன். "இந்தக் குலுக்கல்ல இன்னொரு தடவை எந்திரிச்சார்னா திருப்பிடுவேன். இறக்கிவிட்டுட்டுதான் கிளம்பணும்" என்றார். சொன்னால் செய்கிற மனுஷன்.

பெரியவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போனது.

"முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினேம்மா. ஒரு பெல்னா நிறுத்தணும். ரெண்டு பெல்னா போகணும். ஒத்த பெல்லுக்கு நிறுத்தாம போனதே இல்ல."

அந்த நேரம் பார்த்துப் பின்னால் யாரோ தண்ணீர் கேட்டு பட்டனை அழுத்தினார்கள். டிங். பெரியவரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

"தரையில ஓட்டை போட்டுடுவார் போல" என்றார் பக்கத்து இருக்கை அம்மாள். அவர் பல் டாக்டராம். ஏறியதிலிருந்து இந்த உதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அது எங்களைக் கூப்பிடுற பெல்லுங்க ஐயா."

"புத்திக்குத் தெரியுது. காலுக்குத் தெரியலையே."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் பொண்ணு நாம போற ஊர்ல பஸ் டிரைவரா சேர்ந்திருக்கா. நாளைக்குக் காலையில அவளுக்கு முதல் டிரிப். முன் சீட்டுல நீங்கதான் உக்காரணும்ப்பான்னு டிக்கெட் அனுப்பினா. கேப்டன் திருப்பிட்டா அது போச்சு. திருப்பலைன்னாலும், அவ பின்னாடி உக்காந்து நான் இப்படி பிரேக் மிதிச்சா, அப்பாவுக்கே நம்பிக்கை இல்லைன்னுதானே நினைப்பா?"

என் கோபம் போன இடம் தெரியவில்லை.

மறுபடியும் டிங். பெல்ட்டை அவிழ்க்க அவர் கை போனது. எனக்கு என்ன தோன்றியதோ, எட்டி அவர் தலைக்கு மேல் இருந்த பட்டனை அழுத்தினேன். டிங்.

ரெண்டு பெல். கால் பாதியில் நின்றது. "ரைட்" என்று அவர் வாய் தானாக முணுமுணுத்தது. அப்படியே சாய்ந்துகொண்டார்.

அதன்பிறகு பல் டாக்டரம்மாள் கண்டக்டர் வேலையை எடுத்துக்கொண்டார். எங்கே டிங் கேட்டாலும் அடுத்த நொடி இவர் ஒன்று அடிப்பார். பன்னிரண்டாம் வரிசைக்கு அப்படி என்ன தீராத தாகம் என்று என் சக ஊழியர்கள் முணுமுணுத்தார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பெரியவர் டாக்டரம்மாளின் கையைத் தடுத்தார்.

"போதும்மா. நாளைக்கு அங்க எனக்காக யாரும் ரெண்டாவது பெல் அடிக்க மாட்டாங்க."

பெல்ட் விளக்குக்கான டிங் அடித்தது. அவருடைய ஷூ எழும்பித் துடித்தது. தரையைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிங். துடிப்பு குறைந்தது. என் இருக்கையிலிருந்து நடைபாதை ஓரமாக அந்த ஒரு கால்தான் எனக்குத் தெரிந்தது. சக்கரம் தரையைத் தொட்டு, பிரேக் பிடித்ததில் விமானம் முழுவதும் முன்னால் சாய்ந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கால் அந்தரத்திலேயே இருந்தது.

நின்றதும் கடைசி டிங். எல்லோரும் முட்டி மோதி எழுந்தார்கள். மூன்று முறை எழுந்த மனுஷன் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் மிதிக்கலம்மா. அவரேதான் நிறுத்தினார்" என்றார் என்னிடம்.

வாசலில் கேப்டன் நின்றிருந்தார். பெரியவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்லா நிறுத்தினீங்க தம்பி." திருப்பிவிடுவேன் என்று மிரட்டிய கேப்டனுக்கு வெட்கம் வந்துவிட்டது.

"என் பொண்ணும் நிறுத்திடுவா" என்றார் பெரியவர். அதைச் சொன்னது கேப்டனிடம் இல்லை, தனக்குத்தானே. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னால் பெட்டியோடு காத்திருந்த டாக்டரம்மாள் அவர் முதுகில் லேசாகத் தட்டினார்.

"ரைட், போலாம்."